மேலே ஒரு வீடு

தாம்பரம்,
நவம்பர் 2006

அன்புள்ளவருக்கு,

உங்கள் அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய காற்றடைத்த வீடு விண்வெளியில் நல்லபடியாக விரிந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இனி மனிதர்கள் அங்கே வாடகைக்குப் போய்த் தங்கலாம், அதன் சுவரை எதுவும் துளைக்காது என்றும் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் ஒருமுறையும் பார்த்திராத நம் மகனை அடக்கம் செய்த அன்று, "சுவருக்கு டெஸ்ட் நடக்குது, இப்ப நகர முடியாது" என்று போனில் சொன்னீர்கள். பெட்டி சின்னது. உங்கள் தம்பி மெர்வின்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் ஜெரூஷா கேட்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"மேல வீடு கட்டப் போயிருக்காரு."

"தம்பி போன எடத்துக்கா?"

"ஆமா" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

இரண்டு நாள் அழுதாள். கல்லறைத் திருநாளில் தம்பிக்கு ஒரு மெழுகுவத்தியும் உங்களுக்கு ஒன்றும் ஏற்றினாள். அப்பா இல்லாத பிள்ளை என்று அவளுடைய மிஸ் இப்போது கூடுதலாகக் கொஞ்சுகிறார். நான் யாரையும் திருத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம். குழந்தை பயந்துவிடுவாள்.

இப்படிக்கு,
அவள் அம்மா