அல்சூர் ஏரியில் நான் விட்ட கப்பல்

சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல்
1903, மாசி மாதம்

ரங்கூன் மாநகரத்து அரிசி ஆலையில் குமாஸ்தாவாக வீற்றிருக்கும் சிரஞ்சீவி சம்பங்கிக்கு, உன் சித்தப்பன் பெருமாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் குறையில்லாமல் விடுகிறாய் என்று நம்புகிறேன். மழை இல்லை, தங்கக்கல் இடிக்கும் மில்லின் தூள்தான் மழையாகப் பெய்கிறது, சோற்றில் அதை வடிகட்டினால் லண்டனை விலைக்கு வாங்கலாம். நிற்க, நீ எழுதியிருந்த கல்யாணக் காரியம் முடிந்தது. இனி அந்தப் பெண்ணைப் பற்றி யோசிக்கும் சிரமம் உனக்கு இல்லை.

பெண்ணின் தகப்பனார் துரைக்கண்ணு ரங்கூனிலிருந்து கப்பலில் மதராஸ் வந்து, பௌரிங்பேட்டையில் ரயில் மாறி, ஞாயிற்றுக்கிழமை நம் கூலி லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். நாம் பரம்பரையாகப் பெங்களூர் அல்சூர்க்காரர்கள், நான் இங்கே காண்ட்ராக்ட் பார்க்க வந்த பெரிய மனுஷன் என்று சொல்லச் சொன்னாய். உன் அப்பன் சுரங்க ஷாப்ட்டில் பாறை விழுந்து போனபிறகு மில்லில் கல் பொறுக்கி உன்னைப் படிக்கவைத்த உன் அம்மாவை அன்றைக்கு மட்டும் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னாய், கேட்டால் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னாய். அண்ணிக்கு அதைப் படித்துக் காட்டினவன் நான்தான். என் வாய் அப்போதே அழுகியிருக்கலாம். அவளோ, "புள்ளைக்கு நல்லது நடந்தா சரி, நான் தண்ணி குடுக்குற பொம்பளையா இருந்துக்கினு போறேன், உனுக்கு ஒரு சொம்பு தண்ணி மொள்ளத் தெரியாது" என்றாள்.

வந்தவர் உட்கார்ந்ததும் எனக்குப் பரீட்சை வைத்தார். அல்சூர் ஏரி இன்னா பெருசு என்றார். நான் பெங்களூரைக் கனவில்கூடப் பார்த்ததில்லையே, கப்பல் வரும், திமிங்கிலம் வரும், கரையில் நின்றால் எதிர்க்கரை மனுஷர் எறும்பாகத் தெரிவர் என்று விட்டேன். பிளேக் வந்த வருஷம் ஊரைக் காலிபண்ணி எங்கே கொட்டகை போட்டீர்கள் என்றார். பிளேக் எங்கள் தெருமுனையில் என் மீசையைப் பார்த்துத் திரும்பிப்போய்விட்டது என்றேன். மனுஷர் இருமும் வரைக்கும் சிரித்தார். அவர் கூடப்பிறந்த தங்கையே அல்சூரில் வாழ்க்கைப்பட்டவளாம், அது உனக்குத் தெரியாதா? "சரி, குடியாத்தத்துலேர்ந்து இந்தத் தங்கவயலுக்கு நடந்து வந்தா எந்தக் கணவாய் ஏறணும், அதச் சொல்லு" என்றார். புத்தி யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது, பேரணாம்பட்டுக் கணவாய் ஏறி வெங்கடகிரிக்கோட்டை வழியாக என்று. இங்கே எரியும் மின்சார விளக்குக்கு எந்த ஆறு என்றார். காவேரி, சிவசமுத்திரத்திலிருந்து கம்பியிலேயே நடந்து வருகிறாள் என்றேன். அவர் என் தோளில் கையைப் போட்டு, "நானும் அந்தக் கணவாய்ல காலு தேஞ்சி வந்தவன்தான்யா, இது முள்ளுக்காடா இருந்தப்போ மண்ணு தூக்கினவன். இத மறைக்க இன்னா இருக்குது?" என்றார். பெண்ணைக் கொடுத்தே விட்டார் என்று வைத்துக்கொள். நான் மனசுக்குள் யானைமேல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பையனோட அம்மா எங்க என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், சொம்போடு நின்ற அண்ணி, "அவங்க ஊர்ல இல்லீங்க" என்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் மூக்கைத்தானே நீ ரங்கூனுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய், அவருக்கா தெரியாது? தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இரண்டு கையாலும் சொம்பைத் திருப்பிக் கொடுத்து, அவளைக் கும்பிட்டார். லைன் கோடிவரைக்கும் போய் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சுரங்கத்து ஆளு புள்ளன்னா சந்தோசமாக் குடுத்திருப்பேன். ஆனா நாளைக்கு யாராவது கேட்டா, என் பொண்ணயும் ஊர்ல இல்லன்னுடுவானே."

திரும்பி வந்தால் அண்ணி வாசலில் நிற்கிறாள், முகமெல்லாம் ஆசை. "நான் சரியாத்தான சொன்னேன்? புள்ள எழுதினபடியேதான?" என்றாள். பாதாளத்துக்கும் பூமிக்கும் ஆளேற்றும் கேஜ் கூண்டை இறக்க மணியடிக்கும் நான், ஏழு லோகத்துக்கும் பொய் சொல்லக்கூடிய நான், சரியாகத்தான் சொன்னாய் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். அவள் இன்னும் கல்யாணத் தேதிக்குக் காத்திருக்கிறாள்.

வெயிலில் அலையாதே, வயிற்றைக் காயப்போடாதே. நீண்ட ஆயுசோடு இரு, உன் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கமாட்டேன். இனி என் பெயருக்குக் கடிதம் போடாதே. உனக்கும் பூகோளத்தில் ஒரே ஒரு கேள்வி வைக்கிறேன். உறையின் மேல் உன் கையாலேயே உன் அம்மா பெயரும், லைனும், சாம்பியன் ரீப்ஸ் என்ற ஊரும் எழுது. தபால்காரன் வாசலில் நின்று உரக்கப் படிப்பான். பார்வதம்மா என்று ஒருத்தி இந்த ஊரில்தான் இருக்கிறாள் என்று அவள் காதால் கேட்கட்டும்.

இப்படிக்கு,
பாதாள லோகத்து மணியக்காரன்,
உன் சித்தப்பன் பெருமாள்