ஒரு கலியாணம், இரண்டு திகதி

2025 மார்ச் 11, செவ்வாய்

கத்தரிப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது மருமகள் சுபாஜினி வந்து போனை நீட்டினாள். கனடா விசா மறுப்பு. கனடாவில் இருக்கிற என் மகன் பிரவீணனும் அவளும் செய்தது உண்மையான கலியாணமாகத் தெரியவில்லையாம். விண்ணப்பத்தில் அவன் கலியாணத் திகதியைத் தை மாதம் என்று எழுதியிருக்கிறான். கொழும்பு நேர்முகத்தில் இவள் ஆவணி என்று சொல்லியிருக்கிறாள். சொந்தக் கலியாண நாளே தெரியாத சோடி என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

2023 தையில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. பதிவுகாரர் வந்து கையெழுத்து வாங்கினார், பலகாரம் கொடுத்தோம், அவ்வளவுதான். அவன் லீவில் நின்ற மூன்று கிழமையும் என்னோடு, அவள் கரவெட்டியில் தாய் வீட்டில். ஆவணியில் திரும்பி வந்து தாலி கட்டினான். அதுதானே கலியாணம்? தாலி ஏறாமல் ஒரு பெட்டையைக் கூட்டிவந்து வைத்திருக்க ஏலுமோ? நெல்லியடிச் சந்தையில் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். கண்டறியாத விசாக்காரர்!

நான் திட்டித் தீர்த்தேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அவள் மருத்துவமாது. பிள்ளைத்தாச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நாள் இன்று.

மார்ச் 14, வெள்ளி

யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சிக்காரனிடம் போனோம். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் சாட்சி போதாது என்றான். எழுத்து முடிந்த கிழமையே இருவரும் நுவரெலியாவில் தங்கினதாக ஹோட்டல் பில், படங்கள் எல்லாம் தானே செய்து தருவானாம். நான் தலையாட்டினேன். படத்தில் இவள் என்ன நிறச் சேலை உடுத்தியிருக்க வேணும் என்றுகூடக் கேட்டேன். பிள்ளைகள் ஒன்றாக இருக்கட்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

சுபாஜினி எழும்பிவிட்டாள். “போகாத ஹோட்டலிலை நான் ஏன் மாமி படுக்கவேணும்?”

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அவளுக்குக் காட்டாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஸ்காபரோவிலிருந்து என் தம்பி கோகுலன் வீடியோவில் வந்தான், பக்கத்தில் பிரவீணன். அங்கே தேர்தல் காலம். குடிவரவுதான் பெரிய வாதமாம். வீடு இல்லை, டொக்டர் இல்லை, வந்த ஆட்கள் போதும், இனிக் கதவைப் பூட்டவேணும் என்று கோகுலன் முழங்கினான். அகதியாய்ப் போய் இறங்கினவன் சொல்லுறான்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நீ எந்தக் கதவாலையடா போனனீ?” என்று கேட்டேன். அது அந்தக் காலம் என்றான். பிரவீணன் அவனோடு கொழுவ, நான் இங்கிருந்து கத்த, ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை.

சுபாஜினி மா அரிப்பதை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“மாமா சொல்லுறதிலை நியாயம் இருக்கு. அது அவையின்ரை வீடு. எத்தினை பேரை விடுறதெண்டு அவை முடிவெடுக்கட்டும். இடமில்லை எண்டால் நான் இஞ்சை இருப்பன். ஆனால் என்ரை கலியாணம் பொய் எண்டு சொல்லிப்போட்டுக் கதவைப் பூட்டேலாது. அதைத்தான் நான் கேக்கப்போறன்.”

கோகுலன் பிறகு எடுக்கிறன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். பெண் பார்த்தபோது சாதகம் பார்த்தேன், படிப்புப் பார்த்தேன். இந்த நிமிர்வு எந்தக் கட்டத்தில் இருந்ததோ, எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஏப்ரல் 21

கோகுலன் செய்தி அனுப்பியிருக்கிறான். சாட்சி வேணுமென்றால் தானும் வாறானாம்.

ஓகஸ்ட் 27, புதன்

தாலி கட்டி இரண்டு வருசம். பிரவீணன் போனில் அழுதுவிட்டான். அவள்தான் தேற்றினாள். போனை வைத்த பிறகு கிணற்றடியில் வெகுநேரம் நின்றாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மேன்முறையீட்டு விசாரணை, வீடியோவில். அங்கே காலை, இங்கே விளக்கு வைத்த நேரம். திரையில் தீர்ப்புச் சொல்லும் அம்மா, பிரவீணன் அங்கே பிடித்த எங்கள் வக்கீல், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர், பிரவீணன், கோகுலன். கோகுலன் கோட்டும் டையும்! எங்கள் குடும்பத்தில் எழுத்து வேறு, தாலி வேறு, தன் மனைவியும் எழுத்துக்குப் பிறகு ஏழு மாதம் தாய் வீட்டில்தான் இருந்தாள் என்று சத்தியம் செய்து சொன்னான்.

என்னையும் கேட்டார்கள். சட்டப்படி மனைவியான பெண்ணை ஏன் வீட்டுக்கு எடுக்கவில்லை என்று. எழுத்து வெறும் கையெழுத்து அம்மா, கலியாணம் தாலியோடுதான் என்றேன். வக்கீல் நெற்றியைத் தடவினார். கெடுத்துவிட்டேனோ என்று சுபாஜினியைப் பார்த்தேன்.

பிறகு சுபாஜினி. இரண்டு திகதியில் எது உண்மை என்று கேட்டார்கள்.

“ரெண்டும் உண்மை. தையிலை சட்டம் அறிய முடிச்சனான், ஆவணியிலை ஊர் அறிய முடிச்சனான். அவர் சட்டத்தை நினைச்சு எழுதினார், நான் தாலியை நினைச்சுச் சொன்னனான். நாங்கள் பொய்க்கு முடிச்சிருந்தால், முதலே கதைச்சு வைச்சு ஒரே திகதியைத்தானே சொல்லியிருப்பம்?”

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நுவரெலியாப் படத்தோடு நாங்கள் இன்று இருந்திருந்தால் இந்த வார்த்தையை இவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? என்ரை பிள்ளை. என்ரை வயிற்றில் பிறக்காதது ஒன்றுதான் குறை.

டிசம்பர் 9, செவ்வாய்

வென்றாச்சு! உண்மையான கலியாணம் என்று எழுதிவிட்டார்கள். விசா வரக் கொஞ்சக் காலம் எடுக்குமாம், ஆட்களைக் குறைக்கிற கதையும் அங்கே ஓயவில்லையாம். “இனி எப்ப வந்தாலும் சரி மாமி” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

2026 மே 14, வியாழன்

சுபாஜினி போய்ச் சேர்ந்துவிட்டாள். விசா கைக்கு வந்தபோது கூட நான் அழவில்லை. இன்று காலை ஒரு பிள்ளைத்தாச்சி படலையில் நின்று “மிஸ் இல்லையோ?” என்று கேட்டபோதுதான் அடக்க முடியவில்லை.

விமான நிலையத்தில் பிரவீணன் பூங்கொத்தோடும், கோகுலன் குளிர் கோட்டோடும் நின்றார்களாம். மே மாதத்தில் குளிர் கோட்டு! கதவைப் பூட்டவேணும் என்றவன் எல்லாருக்கும் முன்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றானாம். உள்ளே அதிகாரி எப்போது கலியாணம் என்று கேட்க, “ரெண்டு திகதி இருக்கு, ரெண்டையும் சொல்லுறன்” என்றாளாம் இவள்.

பின்னேரம் தொண்டைமானாறு சன்னிதி முருகன் கோயிலுக்குப் போனேன். அன்னதானத்துக்கு அவர்கள் பெயரில் வருசத்தில் இரண்டு நாள் எழுதச் சொன்னேன். தையில் எழுத்து நாள், ஆவணியில் தாலி நாள். ஏன் இரண்டு என்று அன்னதான மடத்துக்காரர் கேட்டார்.

“முருகனுக்கு ரெண்டு கலியாணம். என்ரை பிள்ளையளுக்கு ஒரு கலியாணத்துக்கு ரெண்டு நாள். அவருக்கு விளங்கும், நீங்கள் எழுதுங்கோ” என்றேன்.