சித்தீக் சொன்னதும் நான் சொன்னதும்

மேலவெளி
வைகாசி 20

அன்புள்ள மங்களத்துக்கு,

இடுப்பைத் தவிர மற்றபடி நலம். நீ பேராவூரணிக்குப் போனதிலிருந்து போனை எடுப்பதில்லை. உன் அண்ணன் அரவிந்தன் எடுத்தால், தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவனிடம் பேசுவது போலப் பேசுகிறார். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மேட்டூர் திறக்கப் போகிறார்கள். நம் வாய்க்காலில் இன்னும் தூர் வாரவில்லை. கேட்கப் பொதுப்பணித்துறை ஆபீசுக்குப் போனால், என்னோடு பி.எஸ்ஸி. படித்து மூன்று பேப்பரில் தவறியவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பாப்போம் சார்" என்கிறான். நாற்று விடும் வேலையை இன்னும் தொடங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஜீப்புக்குக் கிளட்ச் மாற்றினேன். வீட்டில், களத்தில் வைத்து, நானே. சித்தீக்கின் பட்டறை இருக்கும்போது ஏன் என்று நீ கேட்பாய். அவன் முகத்தில் விழிக்க முடியாது என்பதால்தான்.

முன்சீட்டைக் கழற்றி, தரைத் தகட்டைப் பெயர்த்து, இரண்டு பக்கக் கதவுக்கும் குறுக்கே மூங்கில் கழியைப் போட்டு, கியர் பாக்ஸைக் கயிற்றில் தொங்கவிட்டேன். அதைப் பின்னால் இழுத்து இறக்கவே ஒரு பகல் ஆயிற்று. பழைய கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்தபோது அதில் தேய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அதன் ஆணித் தலைகள் எஞ்சினின் பிளைவீல் சக்கரத்தில் கோடு போட்டிருந்தன. பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு களத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

புதிய பிளேட்டைப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, வண்டியைக் கிளப்பினால் கியர் விழவில்லை. பெடலை எவ்வளவு மிதித்தாலும் நறநறவென்று அரைக்கிறது. மறுபடி கழற்றி, மறுபடி பூட்டினேன். அதே அரைப்பு. நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி.

கார்த்திகையில் உன் அம்மா இறந்த செய்தி வந்த காலை, வண்டி நம் வாய்க்கால் கரையில் நின்றுபோனதே, அதற்குச் சித்தீக்தான் காரணம் என்று உன்னிடம் சொன்னேன். இன்னும் ஒரு போகம் தாங்கும் என்று அவன் சொன்னதாக உன் அண்ணனிடமும் டீக்கடையிலும் சொன்னேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே, "பிளேட் போயிடுச்சு சார், இதோட மழையில இறங்காதீங்க" என்றான். எனக்குத் தெரியாததா என்று திரும்பி வந்துவிட்டேன். அந்தக் காலை வண்டியில், ஏதோ கருகுகிறதுங்க என்று நீ இரண்டு முறை சொன்னாய். பிரேக் சூடு என்றேன். எனக்குத் தெரியும், மங்களம். தெரிந்துதான் உன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நீ சேற்றில் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, இரண்டு பஸ் மாறிப் பேராவூரணிக்குப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பெண்களைச் சுடுகாட்டுக்கு விடுவதில்லை. அரை மணி நேரத்தில் உன் அம்மாவின் முகம் உனக்கு இல்லாமல் போயிற்று. மழையைக் காரணம் காட்டி அவசரப்பட்ட உன் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்த அவசரத்துக்கு இடம் கொடுத்தவன் நான்.

சித்தீக் பட்டறையில் நட்டு கழற்றிக்கொண்டே, அவன்மேல் பழி போட்டதை நான் சொல்லக் கேட்டான். பிறகு, "நீங்க சொன்னது அன்னைக்கே என் காதுக்கு வந்துடுச்சு சார். ரெண்டு பேரு வண்டியை வேற பட்டறைக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தான். களத்தில் ஒரு தடவை பெடலை மிதிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. மேடான பக்கம் கியர் பாக்ஸைப் பாக்கணும். எம்.எஸ்ஸி.யில இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களோ?" என்றான். இரண்டு முறையும் அதே தப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை. வண்டிக்கடியில் போவதற்கு முன், "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டான்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. டீக்கடையில் நேற்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணனிடம் நேரில் சொல்வேன்.

வருகிற ஞாயிறு பேராவூரணிக்கு வருகிறேன். அரவிந்தன் உள்ளே விடாவிட்டால் தெருவில் நிற்பேன், வாக்குவாதம் செய்ய மாட்டேன். நீ வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி என்னைத் திட்டிவிட்டு உள்ளே போ. ஆறு மாதமாக நீ ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருக்கிறாய், மங்களம். ஏதாவது சொல்லிவிடு.

உன்,
செந்தில்குமார்