அம்மாயியின் மிளகு ஏணி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாயி போய்ப் பத்து நாளாகிறது. எண்பத்தோரு வயதிலும் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, மடியைக் கட்டிக்கொண்டு மிளகு பறித்தவள். வருஷா வருஷம் முதல் கொத்தை என் கையில்தான் வைப்பாள்.

இந்த வருஷம் ஏணியோடு போனவள் வெறும் மடியோடு திரும்பினாள். அவள் மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் யாரோ கூலியாட்கள் ஏறிப் பறித்துக்கொண்டிருந்தார்களாம். "பேத்திதானுங்க குத்தகைக்கு விட்டாங்களாம்" என்றார்களாம். அவளோடு ஊட்டில் இருக்கிற பேத்தி நான் ஒருத்திதானே.

"ஏன் கண்ணு, நான் செத்துட்டன்னு நெனச்சுட்டியா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. அன்று படுத்தவள் எழவே இல்லை.

நீ காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்தாய். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "சின்னவ தெரியாம பண்ணிட்டா, உடு அம்மாயி" என்றாய். வெளியே வந்ததும், நான் இல்லை என்று உன்னிடமும் அழுதேன்.

"தெரியுண்டி" என்று என் தலையைத் தடவினாய்.

உனக்கு எப்படித் தெரியும் என்பது நேற்றுதான் எனக்குப் புரிந்தது. குத்தகைக்காரர் விமல்ராஜ் துக்கம் கேட்க வந்தார். "காளப்பநாயக்கன்பட்டி அக்காதானுங்க ஃபோன்ல பேசி உட்டாங்க" என்றார்.

அவள் ஏணியிலிருந்து விழுந்துவிடுவாள் என்று பயந்துதான் விட்டிருப்பாய். அதை நான் மன்னித்துவிடுவேன்.

பதினாறாம் நாளுக்கு வா. என்னிடம் எதுவும் பேச வேண்டாம். அவள் படத்துக்கு முன்னால் நின்று, "நான்தான்" என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போ.

இப்படிக்கு,
அம்மாயி கடைசிவரை முகம் கொடுத்துப் பேசாத உன் தங்கை