டர்போவுக்குக் கொடுத்த முட்டு

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் செலஸ்டினா தோத்திரம் சொல்லி எழுதுவது. அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? மாமா வீட்டில் எனக்கு ஒரு குறையுமில்லை.

செவ்வாய்க்கிழமை இங்கே சின்னதாக ஒரு சண்டை. பயப்பட வேண்டாம். மாமாவின் லாஞ்சில், இஞ்சின் புகைக்குழாயில் தொங்கும் டர்போவின் கனத்தால் குழாய் விரிசல் விடாமலிருக்க, படகின் மரச்சட்டத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்திருந்தார். இத்தனை நாள் தாங்கிய குழாய், அன்று கடலில் கொஞ்ச தூரம் போனதுமே பிளந்து, நெருப்பும் புகையும் டிரைவர் சந்தியாகுவின் முகத்தில் அடித்தன. இடது கண் போய்விட்டது.

அவருடைய அண்ணன் மிக்கேல் அந்தக் கம்பியையே கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "ஏலே தொம்மை, டர்போவுக்கா முட்டுக் கொடுத்த? என் தம்பிக்குப் பாடையில்லா கட்டியிருக்க" என்று மாமாவின் தோளில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அத்தை குறுக்கே விழுந்து தடுத்ததால், தலைக்கு வைத்த அடி கதவைப் பிளந்தது. என் பூகோளப் புத்தகத்தில் ரத்தம் பட்டு நாலு பக்கம் ஒட்டிக்கொண்டது.

மறுநாள், லாஞ்ச் இஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பிட்டரிடம் காரணம் கேட்டேன். "ஏளா, இஞ்சின் ரப்பர் கட்டை மேல ஆடுது, படகு அதோட சேந்து ஆடாது. ரெண்டையும் இழுத்துக் கட்டுனா நடுவுல உள்ளது உடையாம என்ன செய்யும்? முட்டு இஞ்சின்ல இருந்தே கொடுக்கணும்" என்றார்.

அப்பா, போன லீவில் மாமா செய்ததைப் பார்த்து நீங்களும் நம் லாஞ்சில் அப்படித்தான் கட்டினீர்கள். டார்ச் பிடித்தது நான்தான். அந்தக் கம்பியை அறுக்காமல் இஞ்சினைத் தொடாதீர்கள்.

தபால் மூன்று நாளாகும் என்று ஐஸ் லாரி அண்ணாச்சியிடம் இதைக் கொடுக்கிறேன். ஹாரன் அடிக்கிறார். அவரிடமே என் பழைய போர்வையையும், அறுத்த கம்பியில் ஒரு துண்டையும் கொடுத்தனுப்புங்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

செலஸ்டினா