நடுவில் மூன்றாம் ஆள்

ஹனோவர்
22-2-1976, ஞாயிறு

என் மகள் கண்மணிக்கு அப்பா கோபாலன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் பாலச்சந்திரனும் அண்ணி நாகலட்சுமியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் துணை.

திகைக்காதே அம்மிணி. பாலன் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன்! நவம்பரில் பனி விழ ஆரம்பித்தது. வெளியே போக வழியில்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த என்னை நாகலட்சுமி சமையல் மேசையில் உட்காரவைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட்டாள். அறுபத்தேழு வயதில். மேலே உள்ள நான்கு வரிக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. கை வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த மனசில்லை. ட்ராமில் ஏறினால் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அதில் உன் பெயரை எழுதிவிட்டுத்தான் இறங்குகிறேன்.

மில்லில் நாற்பது வருடம் பாய்லர் பார்த்தவன் நான். உன் கடிதம் வந்தால் டைம்கீப்பர் படித்துச் சொல்வார். நான் சொல்லச் சொல்ல அவரே பதில் எழுதுவார். உன் கல்யாணம் கூடிவந்த சேதி என் காதுக்கு வருமுன் மில் கேட்டுக்குப் போய்விட்டது நினைவிருக்கிறதா? இனி அந்தத் தொல்லை இல்லை. நீ எழுதுவாய், நான் படிப்பேன். நமக்கு நடுவில் மூன்றாம் ஆள் கிடையாது. கவரை ஒட்டிவிட்டால் காதில் சொன்ன மாதிரிதான்.

கீழ் வீட்டில் லைட்னர் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். ஆஸ்திரியா நாட்டுக்காரர். வியன்னாவில் முப்பது வருடம் தபாலாபீசில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கே மகளோடு இருக்கிறார். நான் எழுதப் பழகுவதைக் கேள்விப்பட்டு ஒரு நல்ல பென்சில் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வந்து தன் நாட்டு ராஜாக்கள் கதையைச் சொல்வார், பாலன் தமிழில் எனக்குச் சொல்வான். ஒரே வம்சம் அறுநூறு வருடத்துக்கு மேல் ஆண்டதாம். அதில் மரியா தெரேசா என்று ஒரு ராணி. பதினாறு பிள்ளை பெற்றவள், நாற்பது வருடம் ஆண்டவள். ஆணானாலும் பெண்ணானாலும் ஆறு வயதில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே உத்தரவு போட்டாளாம். அந்த மகராசியை மனதுக்குள் கும்பிட்டேன். வீட்டுக்கு வீடு எண் போட்டதும் அவள் காலத்தில்தானாம். கடிதம் தவறாமல் வந்து சேர்வதற்காகவா என்று கேட்டேன். லைட்னர் சிரித்தார். கடிதத்துக்கு இல்லை, எந்த வீட்டில் எத்தனை ஆண்பிள்ளை என்று எண்ணிப் பட்டாளத்துக்குப் பிடிக்க என்றார். எண் விழுந்த வீட்டில் பிள்ளையை ஒளிக்க முடியாது என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நீ சொல்லி அனுப்பியதை, ஊருக்கு வந்து திரும்பிய, இங்கே படிக்கிற மாணவன் சேஷாத்ரி என் காதோடு சொன்னான். ஆட்சியைக் கலைத்த பிறகு, தொழிலாளர் சங்கத்தில் பேசியவர் என்று மாப்பிள்ளையைத் தேடிப் போலீஸ்காரர்கள் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்களாமே. கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஆனைமலையில் தன் அக்கா மல்லிகா தோட்டத்து மோட்டார் அறையில் படுத்துக்கொள்கிறார் என்று அவன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அங்கே ஈரம் அதிகம். மாப்பிள்ளை வாசுதேவனுக்கு நெஞ்சுச் சளி உண்டு. தரையில் படுக்க வேண்டாம், மல்லிகாவை ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுத் தரச் சொல்.

உடனே பதில் எழுது. நானே பிரித்து, நானே படிப்பேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
கோபாலன் (பார், என் கையெழுத்து!)


ஹனோவர்
21-3-1976

அன்பு மகள் கண்மணிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நானே பிரித்து நானே படித்தேன்.

சின்னக் கடிதம். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இனி உடம்பு நலம் மட்டும் எழுதுங்கள் என்றும் எழுதியிருந்தாய். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று உனக்கே தெரியாது, மல்லிகாவோடு பேச்சுவார்த்தை நின்று ஒரு வருடமாகிறது என்ற இடத்தை நான்கு முறை படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் நான்தான் தப்புச் செய்கிறேன் என்று நினைத்து நாகலட்சுமியிடம் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தபால்தலையில் மயில் அழகாக இருந்தது. லைட்னர் தபால்தலை சேர்க்கிறவர், அவருக்குக் கொடுக்கலாம் என்று கவரை எடுத்துக்கொண்டு பாலனோடு கீழே போனேன். அவர் மயிலைப் பார்க்கவில்லை. கவரைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், ஒட்டிய இடத்தை நகத்தால் தடவினார். பழைய கவர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேலே போய் உன் தீபாவளிக் கடிதத்தைக் கொண்டுவந்தேன். அதில் பசை ஒரு கோடு. இதில் இரண்டு கோடு.

அப்புறம் அவர் ராஜா கதை சொன்னார். நீ படித்தவள், நிதானமாகப் படி.

பள்ளிக்கூடம் வைத்தார்களே, அதே ராஜாக்கள் வியன்னா அரண்மனையில் ஒரு அறையும் வைத்திருந்தார்களாம். காலை ஏழு மணிக்குத் தபால் மூட்டை அந்த அறைக்குப் போகும். மெழுகு முத்திரையைச் சூடு காட்டி இளக்கி, தாள்கள் எந்த வரிசையில் இருந்தன என்று பார்த்துவைத்து, வேண்டியதை நகல் எடுத்து, மறுபடி முத்திரை போட்டு, ஒன்பதரைக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கடிதம் பெறுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ராஜ்யத்தில் எத்தனையோ பாஷை. எந்த பாஷையில் எழுதினாலும் படிக்க அங்கே ஒருவர் இருந்தாராம். 1848-ல் ஜனங்கள் தெருவில் இறங்கிய பிறகு அந்த அறையை மூடினார்கள். அந்த மட்டில் நல்லது என்றேன். மூடிய அறையைத் திறக்கச் சாவி வேண்டாம், கொதிக்கிற ஒரு கெண்டி போதும் என்றார் லைட்னர்.

நாற்பது வருடம் நீராவியோடு வாழ்ந்தவன் நான். அது இருபது பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இயந்திரத்தை ஓட்டும் என்று தெரியும். கையை வேகவைக்கும் என்று தெரியும். ஒரு கவரை இத்தனை மெதுவாகத் திறக்கும் என்று தெரியவில்லையே அம்மிணி.

போன கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் கிழவன் உளறல். மோட்டார் அறை என்று ஒன்று இல்லை. சேஷாத்ரி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கனவு கண்டு எழுதிவிட்டேன். மல்லிகாவுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கடிதம் உன்னிடம் வர பத்து நாள் ஆகும். போன கடிதம் போட்டு நான்கு வாரமாகிவிட்டது.

முருகன் காப்பாற்றட்டும்.

உன் அப்பா
கோபாலன்


ஹனோவர்
25-4-1976

அன்பு மகள் கண்மணிக்கும், அவளுக்கு முன்பாக இந்தக் கடிதத்தைத் திறக்கும் அய்யா அவர்களுக்கும் கோபாலனின் வணக்கம்.

கண்மணி, உன்னிடமிருந்து கடிதமே இல்லை. தினமும் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டுக் கீழே இறங்குகிறேன். போன வாரம் சேஷாத்ரிக்கு அவன் அம்மா ஊர் விஷயமெல்லாம் எழுதியிருந்தார்களாம். ஆனைமலையில் மல்லிகா வீடு பூட்டிக் கிடக்கிறது, இரண்டு வாரமாக மோட்டார் ஓடவில்லை, தென்னங்கன்று காய்கிறது, எங்கே போனார்களோ என்று ஒரு வரி. அவன் அதைச் சாதாரணமாகத்தான் படித்துக் காட்டினான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

லைட்னர் இரண்டு வாரம் காப்பிக்கு வரவில்லை. பிறகு ஒரு மாலை வந்தார், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பேசினார். 1938-ல் இந்த நாட்டுப் படை அவர் நாட்டுக்குள் புகுந்தபோது ஜனங்கள் பூப்போட்டு வரவேற்றார்களாம். பிறகு, நாட்டைச் சேர்த்துக்கொண்டது சம்மதமா என்று ஒரு ஓட்டு. ஆமாம் என்பதற்குச் சீட்டில் பெரிய வட்டம், இல்லை என்பதற்குச் சின்ன வட்டம். பெரிய வட்டத்தில் நானும் கோடு போட்டேன் என்றார். அடுத்த மாதம் அவரைத் தபால் பிரிக்கும் இடத்திலிருந்து எடுத்துப் பின்னால் ஒரு அறையில் போட்டார்கள். அங்கே ஒரு கெண்டி. ஒரு நாள் ஒரு அப்பா மகனுக்கு எழுதிய கடிதம் அவர் கையில் வந்தது. சித்தி வீட்டு மாடியில் குளிர் அதிகம், கம்பளி போர்த்திக்கொள் என்று இருந்ததாம். அவர் விலாசத்தை நகல் எடுத்து மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு, கவரை அழகாக ஒட்டினார். அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று முப்பத்தெட்டு வருடமாக யாரிடமும் கேட்கவில்லையாம்.

இன்னும் நிறையப் பேசினார். பாலன் அதைத் தமிழில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அய்யா, உங்களைத்தான் சொல்கிறேன். நான் கோபித்துக்கொண்டு எழுதவில்லை. உங்களுக்கும் யாரோ கை பிடித்து எழுத்துக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். முதல் கடிதம் எழுதும் சந்தோஷம் உங்களுக்கும் இருந்திருக்கும். எனக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்தது, அதனால் அளவு தெரியவில்லை. என் மகள் அந்த இடத்தைத் தாளில் எழுதவில்லை, வாயால்தான் சொல்லி அனுப்பினாள். அவள் கெட்டிக்காரி. மல்லிகா தம்பிக்குப் படுக்க இடம் கொடுத்தாள், வேறொன்றும் செய்யவில்லை. என் மருமகன் கூலி உயர்வு கேட்டுப் பேசினார், யாரையும் அடித்ததில்லை. இடத்தைக் காட்டிக்கொடுத்தது நான். என் மகனுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

கண்மணி எப்போதாவது எனக்கு எழுதுவாள். அது உங்கள் கை வழியாகத்தான் வரும். வாசுதேவன் உயிரோடு இருந்தால், மறுபடி ஒட்டுமுன் உள்ளே ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். யார் கண்ணுக்கும் படாது. எழுத்து வேண்டாம், பெயர் வேண்டாம். புள்ளி ஒன்று போதும், நான் கண்டுகொள்வேன். ஈரமில்லாத இடத்தில் இருக்கிறாரா என்றும் கேட்க ஆசைதான். அது அதிகம்.

கண்மணி, அப்பாவை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு. முடியாவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு.

உங்கள் பிள்ளைகுட்டிகளும் நன்றாக இருக்க வேண்டும் அய்யா. என் பிள்ளையும்.

இப்படிக்கு,
கோபாலன்

பெயருக்குப் பக்கத்தில் உள்ளது என் இடது பெருவிரல் ரேகை. மேலே எழுதியது யாரும் சொல்லித்தந்து எழுதியது அல்ல, நானே என்பதற்காக வைத்தேன்.