ஏழுமலை அண்ணனின் இரண்டாவது பீர்

ஞாயிறு, இரவு

தூக்கம் வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஏழுமலை அண்ணனின் பழைய வீட்டில்தான் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்ட நாங்கள் மாதாமாதம் நடத்தும் கட்டடக்கலை நடை முடியும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். அவருக்கும் ஊற்றுவோம். நேற்றும் இரண்டாவது பீரில் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "விக்கவும் மாட்டேன், இடிக்கவும் விடமாட்டேன்" என்று அழுதார். எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன்.

இன்று காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இனிமே எனக்கு ஊத்தாதமா. ஊத்துனா விக்கமாட்டேன்னு சொல்லிடுறேன். தம்பிங்க ரெண்டு பேரும் பங்குக்குக் காத்துக்கினு இருக்கானுங்க. சின்னவன் இருக்கிற வாடகை வீடு மழைக்கு ஒழுகுது."

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் கெஞ்சினார். "சரிண்ணா" என்றேன்.

புதன்கிழமை பத்திரம் பதிகிறார்களாம். வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறார்.

நேற்று மிஞ்சிய பீர் பாட்டில்கள் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. தண்ணீர் எடுக்கத் திறந்தவள் கொஞ்ச நேரம் மூடாமல் நின்றேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.